கை பட்டுவிட்டது

மார்ச் 3, திங்கள்

டாக்டர் நளாயினி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு இந்தப் பழக்கம் கிடையாது.

"மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் எழுதுங்க மரகதம். எப்ப உடம்பு கொதிக்குது, எவ்வளவு தூங்குனீங்க, எப்ப கோவம் வந்துச்சு, எல்லாத்தையும். மாதவிலக்கு நிக்கிற நேரம். ஹார்மோன் குறையுது, வேற ஒண்ணுமில்ல" என்றார். அவர் ஜெயிலுக்கு வந்து போகும் டாக்டர். கைதிகளைப் பார்த்து முடித்த பிறகு எங்களையும் பார்ப்பார்.

அவர் கேட்டால் காட்ட வேண்டும் என்பதால் ஒழுங்காக ஆரம்பிக்கிறேன். பெயர் மரகதவல்லி. வயது ஐம்பத்தொன்று. பெண்கள் சிறையில் தலைமைக் காவலர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் அருள்மொழி, கோயம்புத்தூரில் குடும்பத்தோடு இருக்கிறான். நான் சிறைக் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறேன்.

இன்று: தூக்கம் சரியில்லை. காலையில் கைதிகளை எண்ணும்போது ஒரு முறை கொதிப்பு வந்தது. கழுத்திலிருந்து காது வரை தீ ஏறுகிற மாதிரி இருந்தது. சட்டை நனைந்துவிட்டது. கோபம் இல்லை.

மார்ச் 6, வியாழன்

தையல் கூடத்தில் டியூட்டி. பெண்கள் யூனிபார்ம் தைக்கிற இடம். மேலே தகரம், கீழே மெஷின்களின் சூடு. கொதிப்பு வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாண்டீஸ்வரி எழுந்து வந்தாள். ஆயுள் கைதி, உசிலம்பட்டிப் பக்கம். மாமியாரைக் குழவிக்கல்லால் அடித்துக் கொன்றவள். கையில் இருந்த அட்டையால் எனக்கு விசிற ஆரம்பித்தாள்.

"என்னங்கம்மா இப்படி வேர்த்துக் கொட்டுது? எங்காத்தாளுக்கும் அது நின்னப்ப இப்படித்தான் வந்துச்சு. கொஞ்சம் உக்காருங்க" என்றாள்.

அத்தனை பேர் முன்னால். மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரலில். என் வயதையும் என் உடம்பையும் ஊருக்கே அறிவிக்கிற மாதிரி. இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை மறைக்கத்தான் இருக்கும்.

"உன் இடத்துல போய் உக்காரு" என்றேன். போய்விட்டாள். கோபம் என்று சொல்ல முடியாது.

மார்ச் 7, வெள்ளி

ரசம் வைத்தேன். நாலு பேருக்கு வருகிற அளவு வைத்துவிட்டேன். பாதியைக் கொட்டினேன்.

மார்ச் 12, புதன்

பாண்டீஸ்வரி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு வாரமாகக் கவனித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் உள்ளே நுழைந்ததும் பக்கத்து மெஷின்காரியிடம் ஏதோ சொல்வாள். அவள் வாயைப் பொத்திக்கொள்வாள். இன்று "கெழவி" என்ற சொல் தெளிவாகக் காதில் விழுந்தது.

ஜெயராணியிடம் கேட்டேன். என்னோடு அந்த டியூட்டி பார்க்கிற சின்னப் பெண்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேக்கா. அவங்க நூல் அந்துபோச்சுன்னு பேசிட்டிருந்தாங்க" என்றாள்.

ஜெயராணி இப்போதெல்லாம் அவர்கள் பக்கம்தான் பேசுகிறாள்.

தூக்கம் இல்லை. டிவியை அணைக்காமல் படுத்துக்கொள்கிறேன். யாராவது பேசிக்கொண்டே இருந்தால் தேவலை.

மார்ச் 16, ஞாயிறு

அருள் போன் செய்தான். "சாப்டியாம்மா?" என்றான். "சாப்பிட்டேன்" என்றேன். பேத்தியின் குரல் பின்னால் கேட்டது. "பிள்ளைகிட்ட குடு" என்றேன். "தூங்குறாம்மா" என்றான். குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"லீவுக்கு வர்றீங்களா?"

"கீர்த்தனாவுக்கு வேலை இருக்கும்மா. பாப்போம்."

மருமகள் சின்ன விஷயத்தைப் பெரிதாக்கிவிட்டாள். பேத்தியின் பிறந்தநாளன்று காபி டம்ளர் கை தவறி விழுந்தது. மருமகள் காலில் கொஞ்சம் சூடு பட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

துணி துவைத்தேன். சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கம் கைதிகள் பாடுவது கேட்டது. அடைப்பதற்கு முன் பாட விடுவார்கள். அது நின்ற பிறகு இந்த வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

மார்ச் 21, வெள்ளி

இன்று ஒரு சின்ன சம்பவம். டாக்டருக்குத் தேவைப்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

காலையில் தாமதமாகப் போனதற்கு சூப்பிரண்டு அம்மா எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். "இருபத்தாறு வருஷ சர்வீஸ், இன்னும் சொல்லித் தரணுமா?" என்றார். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு தையல் கூடத்துக்குப் போனேன். கொதிப்பு வந்தது. பாண்டீஸ்வரி சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டேன். "நான் சிரிக்கலைங்கம்மா" என்று எதிர்த்துப் பேசினாள். கையில் கத்தரிக்கோலோடு எழுந்தாள். தடுக்கப் போனபோது கை பட்டுவிட்டது.

அவள் சத்தம் போடவில்லை. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நடிப்பு.

மார்ச் 22, சனி

ஜெயிலர் கேட்டார், சொன்னேன். கத்தரிக்கோலால் தாக்க வந்தாள் என்று எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். ஜெயராணியையும் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு "நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னேன் சார்" என்றாள்.

பாண்டீஸ்வரிக்குத் தனி அறை. மூன்று மாதம் மனு ரத்து. வீட்டு ஆட்கள் வந்து பார்ப்பதை இங்கே மனு என்போம்.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

வெளி கேட்டில் டியூட்டி. பாண்டீஸ்வரியின் அக்கா வந்தாள், கூடவே ஒரு பெண் பிள்ளை. பாண்டீஸ்வரியின் மகளாம். பத்து வயது இருக்கும், மஞ்சள் கவுன். கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கிக்கொண்டு போய் அக்காதான் வளர்க்கிறாளாம்.

"மனு கெடையாது, தண்டனைல இருக்கா" என்றேன்.

"என்ன செஞ்சாங்கம்மா? இத்தன வருசமா அவ ஒரு பேச்சு வாங்குனதில்லையே. இந்தத் தடவ விடுதலப் பட்டியல்ல பேரு வந்துரும்னாங்களே" என்று கையைப் பிசைந்தாள்.

பத்து வருடம் முடித்த ஆயுள் கைதிகளில் நன்னடத்தை உள்ளவர்களின் பெயர் அரசாங்கத்துக்குப் போகிறது. தண்டனை பெற்றவர்களின் பெயர் போகாது. எனக்கு அது தெரியும்.

வாங்கி வந்திருந்த முறுக்குப் பொட்டலத்தை உள்ளே கொடுக்க முடியுமா என்று பிள்ளை கேட்டது. முடியாது என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள். வெயில் கடுமையாக இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

டாக்டர் என்னைக் கூப்பிட்டு விட்டார். பாண்டீஸ்வரியின் இடது காதில் சீழ் வடிகிறது. செவிப்பறை கிழிந்திருக்கிறது.

"குழாயடில வழுக்கி விழுந்தேங்கிறா. வழுக்கி விழுந்தா இப்படிக் கிழியாது மரகதம். உள்ளங்கையால ஓங்கி அறைஞ்சா கிழியும்."

"எனக்குத் தெரியாதுங்க டாக்டர்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். நான் கையை மடக்கிக்கொண்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

அருள் போன் செய்யவில்லை. நான் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

இந்த நோட்டை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் படித்து முடிக்கிற வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"விஷயம் பெருசாச்சுன்னா நான் ஒரு சர்டிபிகேட் தரலாம். ஹார்மோன் மாற்றம், தூக்கமின்மை, எரிச்சல்னு எழுதலாம். பொய் இல்ல. உங்களுக்கு இருக்கறதுதான். வேலைக்கு ஆபத்து வராது" என்றார்.

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "அப்ப எல்லாமே அதனாலதானே டாக்டர்? நான் அப்படிப்பட்டவ இல்லையே" என்றேன்.

"அன்னைக்குக் காலைல சூப்பிரண்டு உங்கள எல்லார் முன்னாலயும் திட்டினாங்களே, அப்ப கோவம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அவங்க மேல கை ஓங்குனீங்களா?"

நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"எரிச்சல ஹார்மோன் கொண்டு வரும் மரகதம். ராத்திரி தூங்கலேன்னா அடுத்தவங்க பாக்கறது, பேசறது எல்லாம் தப்பாத் தெரியும். அதுவும் உண்மை. ஆனா யார் மேல காட்டலாம், யார் மேல காட்டக்கூடாதுன்னு உங்க கை சரியாத் தெரிஞ்சு வச்சிருக்கு. அதை ஹார்மோன் சொல்லித் தரல."

பிறகு அவர் பாண்டீஸ்வரியின் பழைய கேஸ் கட்டைப் படித்ததாகச் சொன்னார். பிரசவமாகி ஒரு மாதத்துக்குள் நடந்த கொலை. "அவளுக்கு இருந்தது வேற. பிள்ளை பெத்ததும் ஹார்மோன் சடார்னு இறங்கும். சில பேருக்கு அப்ப மூளையே தடம் மாறிடும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதுல கேக்கும். மருந்து குடுத்தா சரியாயிடற நோய். யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல. கோர்ட்ல யாரும் கேக்கவும் இல்ல. அவளுக்கு ஒரு சர்டிபிகேட் எழுத அன்னைக்கு ஆள் இல்லாமப் போச்சு."

வீட்டுக்கு வந்து சோறு வடிக்கவில்லை. பிஸ்கட் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

தனி அறைப் பக்கம் டியூட்டி கேட்டு வாங்கினேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டை நானே கொண்டுபோனேன். பாண்டீஸ்வரி எழுந்து நின்றாள். காதில் பஞ்சு.

"உக்காரு" என்றேன். நானும் கம்பிக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

"வழுக்கி விழுந்தேன்னு டாக்டர்கிட்ட ஏன் சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்றதுங்கம்மா? ஒங்க பேரச் சொன்னா யாரு நம்புவா? கொலகாரி பேச்சு எடுபடுமா?"

"உங்க மாமியாரை ஏன் அடிச்ச?"

கேட்டுவிட்டேன். பத்து வருடமாக அவளை எண்ணிப் பூட்டுகிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"பிள்ள பெறந்து ஒரு மாசங்கூட ஆகலைங்கம்மா. ஒறக்கமே இல்ல. எங்கத்த பால்ல எதையோ கலக்குறாகன்னு நெனச்சேன். நெனச்சேன்னு இப்பச் சொல்றேன். அப்ப கண்ணால பாத்தேன். பாலு நீலமா இருந்துச்சு. பிள்ளயக் கொல்லப் போறேன்னு அவுக சொன்னது காதுல விழுந்துச்சு."

"கோவத்துல அடிச்சியா?"

"கோவமில்லைங்கம்மா, பயம். பிள்ளயக் காப்பாத்தணும்னு இருந்துச்சு. அவுக நல்லவுகம்மா. எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டு, என் துணியெல்லாம் அலசிப் போட்டவுக. இங்க வந்து ஒறங்கி எந்திரிச்சு, கொஞ்ச நாள் கழிச்சுத்தான் அவுக ஒண்ணுமே சொல்லலேன்னு வெளங்குச்சு. அதுக்குப் பெறகு இருக்கறதுதான் தண்டன."

இன்னொன்றும் கேட்டேன். "நீ என்னை 'கெழவி'ன்னு சொன்னியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யாரு, நானாம்மா? எதுக்கு?"

அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிற ஆட்களோடு இருபத்தாறு வருடம் இருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மார்ச் 21 அன்று எழுதியது தவறு.

கத்தரிக்கோல் மேஜை மேல் இருந்தது. அவள் கையில் இல்லை. அவள் எழுந்திருக்கவும் இல்லை. மெஷினில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சிரித்தாளா என்று கேட்டால், அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. "எதுக்குடி சிரிக்கிற" என்றேன். முகத்தைத் தூக்கி "நான் சிரிக்கலைங்கம்மா" என்றாள். அந்த முகத்தில் அறைந்தேன். முழு பலத்தோடு. அறைந்த நொடியில் உடம்பு குளிர்ந்தது. அதையும் எழுத வேண்டும். நன்றாக இருந்தது.

கை படவில்லை. அடித்தேன்.

அட்டையால் விசிறியபோது அவள் என்னைக் கேலி செய்யவில்லை. வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு வேர்க்கிறது என்று கவனித்துச் சொன்ன முதல் ஆள் அவள்தான். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

அருளுக்குப் போன் செய்தேன். எடுத்தான். "டம்ளர் கை தவறலடா. உன் பொண்டாட்டி மேல எறிஞ்சேன்" என்றேன்.

"எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்மா. நாங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தோம்" என்றான்.

"பிள்ளை..."

"பிள்ளையும் பார்த்துச்சும்மா. அதான் போன் குடுக்கறதில்ல. உன் குரல் கேட்டா உள்ள ஓடிருது."

வைத்துவிட்டான்.

ஏப்ரல் 7, திங்கள்

சூப்பிரண்டு அம்மா அறைக்குப் போய்ச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். பாண்டீஸ்வரி கத்தரிக்கோலை எடுக்கவில்லை, நான்தான் அடித்தேன், பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன் என்றேன்.

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். "என்ன பேசறீங்கன்னு தெரியுதா மரகதவல்லி? வேலை போகும். போலீஸ் கேஸ் கூட வரும். பென்சன் வாங்கற வயசுல இது தேவையா?"

"அவ பேரு பட்டியல்ல போகணும்மா."

"அடுத்த வருஷப் பட்டியல்ல போகட்டும். டாக்டர் சர்டிபிகேட் தர்றேங்கிறாங்களாமே, அதை வாங்கிட்டு லீவுல போங்க. உடம்பு சரியானதும் வாங்க. எனக்கும் தலைவலி இல்ல, உங்களுக்கும் இல்ல."

ஒரு நிமிடம் ஆடிவிட்டேன். இல்லை என்று சொன்னால் பொய். லீவு போட்டால் கோயம்புத்தூர் போகலாம், மருமகளிடம் நேரில் பேசலாம் என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டது.

"அவளுக்கு உண்மையிலேயே நோய் இருந்துச்சு. அவள நாம பத்து வருஷம் உள்ள வச்சிருக்கோம். எனக்கு ஒரு சர்டிபிகேட் போதும்னா எப்படிங்கம்மா?" என்றேன்.

அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "உங்க கையாலயே எழுதுங்க" என்றார். எழுதினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சஸ்பெண்ட். சாவிக் கொத்தை ஜெயராணியிடம் ஒப்படைத்தேன். "என்னையும் விசாரிப்பாங்களாக்கா?" என்று கேட்டாள். பயந்திருந்தாள். "பாத்ததைச் சொல்லு" என்றேன்.

மே 9, வெள்ளி

குவார்ட்டர்ஸில் யாரும் பேசுவதில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. சக காவலரையே காட்டிக்கொடுத்தவள் மாதிரிப் பார்க்கிறார்கள், நான் காட்டிக்கொடுத்தது என்னைத்தான் என்றாலும். கடைக்குப் போய் வருவது மட்டும்தான். சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கம் பாடுவார்கள். வாசற்படியில் உட்கார்ந்து முடிகிற வரை கேட்கிறேன்.

டாக்டர் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்தார். பத்து நாளாகத் தூக்கம் வருகிறது. கொதிப்பு குறைந்திருக்கிறது. பாண்டீஸ்வரியின் தண்டனையை ரத்து செய்துவிட்டார்களாம். அவளுடைய பிரசவ கால நோயைப் பற்றித் தானே நான்கு பக்கம் எழுதி, பட்டியலோடு அனுப்பியதாகச் சொன்னார்.

"காது?" என்று கேட்டேன்.

"சீழ் உள்காது வரைக்கும் போயிடுச்சு. ஆபரேஷன் பண்ணிப் பாத்தாச்சு. அந்தப் பக்கம் இனிமே கேக்காது" என்றார்.

கீர்த்தனாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. வர வேண்டும் என்று சட்டமும் இல்லை.

ஜூன் 18, புதன்

இன்று துறை விசாரணை. வேறு ஊரிலிருந்து அதிகாரி வந்திருந்தார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். உடம்பு நிலை காரணமா என்று கேட்டார். "உடம்பு சரியில்லாம இருந்துச்சுங்க சார். அடிச்சது நான்" என்றேன். எழுதிக்கொண்டார். வேலை மிஞ்சாது என்று நினைக்கிறேன். கேஸும் நடக்கும்.

ஜெயராணி பார்த்ததைச் சொன்னாள். பாண்டீஸ்வரியும் நடந்ததை நடந்தபடி சொன்னாள், கூட்டாமல் குறைக்காமல். அவளுடைய விடுதலை ஆணை வந்துவிட்டது. திங்கட்கிழமை வெளியே போகிறாள்.

விசாரணை முடிந்து தாழ்வாரத்தில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் தையல் கூடம், மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இனி அவளைப் பார்க்க வாய்ப்பிருக்காது. ஜெயராணியிடம் கண்ணால் கேட்டேன். அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். நான் பெஞ்சில் பாண்டீஸ்வரிக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னேன்.

"பாண்டீஸ்வரி, நான் செஞ்சது பெரிய தப்பு. என்னை மன்னிச்சிரு."

அவள் அசையவில்லை. எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குள் பழைய சூடு ஏறியது. வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறாள், ஜெயராணி பார்க்கட்டும் என்று பேசாமல் இருக்கிறாள் என்று தோன்றியது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் தோன்றியது. எழுந்து போகப் பார்த்தேன்.

பெஞ்சு ஆடியதும் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"வந்து உக்காந்தீகளா? ஏதாச்சும் சொன்னீகளாம்மா? அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து சத்தமாச் சொல்லுங்க."

சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன். உட்காரவில்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டியிருந்தது.

"உன்ன நான் அடிச்சேன். நீ ஒண்ணும் செய்யல. நான் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிரு!"

தையல் கூடத்தில் ஒவ்வொரு மெஷினாக நின்றது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் முகங்கள் வந்தன. யாரும் சிரிக்கவில்லை. வேர்த்து என் கழுத்து நனைந்தது. நான் துடைக்கவில்லை.

பாண்டீஸ்வரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்.

"கேட்டுச்சுங்கம்மா" என்றாள்.

ஜெயராணி கூப்பிட்டாள். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.